விமானியின் ஒன்பது ஞாயிறுகள்

“ஐந்து மணிக்கு மதராஸ் தபால் பை கட்டப்படும்” என்றார் கேப்டன் ஜெயசிங். “அதற்குள் உங்கள் மருமகனின் லாக் புக் என் மேஜைக்கு வர வேண்டும், சார். வராவிட்டால் அவனோடு வேலை பார்க்கும் தளவாயின் பெயரை எழுதி அனுப்பிவிடுவேன்.”

தூத்துக்குடிப் பக்கம், கம்பெனி ஓடுதளத்து ஆபீஸ் அறை. அவருக்கு எதிரே என் தங்கை மகன் ஜெபசீலன் நின்றிருந்தான். இருபத்து நாலு வயது, வெள்ளைச் சட்டை, தோளில் ஒற்றைக் கோடு. காலையில் கம்பெனி சேர்மனை மதராஸில் இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

என் பெயர் அருமைநாயகம். தூத்துக்குடி துறைமுகத்தில் கஸ்டம்ஸ் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தோரு வருடத்தில், பூசணிக்காய்க்குள் வந்த கைக்கடிகாரங்கள் வரை கண்டுபிடித்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு ஊரார் தொலைத்ததைத் தேடிக் கொடுக்கிறேன். ஆனால் இன்று, 1974 மார்ச் பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை, தொலைந்தது எங்கள் குடும்பத்துப் பொருள். நாசரேத்தில் நான்கு தலைமுறையாகப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்த குடும்பம். எங்களிடம் எதுவும் தொலைவதில்லை.

“முதல் தடவை அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. பழகிரும்” என்றான் பிச்சையா.

பிச்சையா என் கஸ்டம்ஸ் ஜீப்பை ஓட்டியவன். இப்போது சொந்தமாக ஓர் அம்பாசிடர் டாக்ஸி வைத்திருக்கிறான். நான் பதவியில் இருந்தவரை ‘ஐயா’ என்றவன், பென்ஷன் வந்த மாதமே என்னை ‘அண்ணாச்சி’ ஆக்கிவிட்டான். வாய் சும்மா இராது. ஆனால் கண்ணும் சும்மா இராது. அதனால்தான் கூட வைத்திருக்கிறேன்.

“அந்த ஒரு புத்தகத்தில் என்ன அப்படி?” என்று கேப்டனைக் கேட்டேன்.

“இந்தத் தொழிலில் ஒரு புதுப் பையனுக்கு அதுதான் ஜாதகம்.”

“எங்களுக்கு ஜாதகம் கிடையாது.”

“அப்படியானால் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று சிரித்தார். “கம்பெனியிடம் இப்போது இருப்பது ஆறு பேர் உட்காரும் பழைய இரட்டை இன்ஜின் விமானம். ஜெபசீலனும் தளவாயும் இரண்டு வருடமாக அதில் என் வலப்பக்கம் மாறி மாறி உட்கார்ந்து பழகுகிறார்கள். அடுத்த மாதம் ஜெட் வருகிறது. ஒருவன் இங்கிலாந்துக்குப் பயிற்சிக்குப் போகலாம். எவன் அதிக மணி நேரம் பறந்தானோ அவனுக்கு முதல் உரிமை. அது ஜெபசீலன்தான். ஆனால் என் வாய்ச்சொல்லைப் பயிற்சிப் பள்ளி ஏற்காது. முதல் நாளிலிருந்து பறந்த தேதியும் நேரமும் அவன் கையால் எழுதி, நான் கையெழுத்துப் போட்ட அசல் புத்தகம் வேண்டும்.”

“இந்தத் தடவை தவறினால்?”

“அடுத்த ஜெட் எப்போது வருமோ! அதுவரை பழைய விமானம்தான்.”

பிச்சையா சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். “அங்கன ரெண்டு கடிகாரம் தொங்குது அண்ணாச்சி. ஒண்ணு, மணி ஒண்ணு அஞ்சுங்குது, மத்தது ஏழு முப்பத்தஞ்சுங்குது. ரெண்டும் ஓடுது. எதை நம்ப?”

கேப்டன் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் கையை உயர்த்தினேன். “கடிகாரம் பார்க்க நாம் வரவில்லை, பிச்சையா. ஜெபசீலா, பையைக் காட்டு.”

தோல் பை. சட்டைகளுக்கு அடியில், லாக் புக் இருந்த இடத்தில் அதே அளவில், அதே கனத்தில், பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு ரெஜிஸ்டர். காலைப் பறப்பை எழுத எடுத்தபோதுதான் அது வேறு புத்தகம் என்று தெரிந்ததாம்.

“பை எப்போது உன்னை விட்டுப் பிரிந்தது?”

“அதிகமா இல்ல மாமா. நேத்து வீட்டுக்கு வந்தேன், உங்களோடதானே மதியம் சாப்பிட்டேன். சாயங்கால ஆராதனை முடிஞ்சு ஏழு மணி பஸ்ஸில இங்க வந்துட்டேன். பை வீட்டில இருந்தது, அப்புறம் குவார்ட்டர்ஸ்ல...”

“வீட்டை விடு. குவார்ட்டர்ஸில் உன்னோடு யார்?”

“தளவாய்.”

பிச்சையா காரணமில்லாமல் இருமினான்.

நேற்றைய சாப்பாடு எனக்கும் நினைவிருந்தது. இங்கிலாந்து போகிற புத்தகம் நம் குடும்பத்தின் பெயரைச் சுமந்துகொண்டு போகிறது. நாளை நானே வந்து முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று அந்த மேஜையில்தான் சொன்னேன். காரணம் இருந்தது. அவனுடைய இந்த வேலைக்கு நான் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்: ஞாயிற்றுக்கிழமை பறக்கக் கூடாது. பறந்தால் என் வாசலை மிதிக்கக் கூடாது.

ரெஜிஸ்டரைப் பிரித்தேன். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு போலக் கட்டம் கட்டமாக இருந்தது. பெயர் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கும் ஞாயிறு விழும் கட்டங்களில் மட்டும் சிவப்பு மையால் இரட்டைக் கோடு. ஒவ்வொரு கோட்டின் அடியிலும் ஒரு சின்னக் கொக்கி. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

“கம்பெனி ரெஜிஸ்டர் இல்ல” என்றான் பிச்சையா. “இங்கன மூணு ஷிப்டு. பாய்லருக்கு ஞாயிறும் தெரியாது, பெரிய வெள்ளியும் தெரியாது. ஞாயித்துக்கிழமைக்கு இம்புட்டு மரியாதை குடுக்கது பள்ளிக்கூடந்தான்.”

“தளவாய்க்குப் பள்ளிக்கூடத்தில் யாரையாவது தெரியுமா?”

ஜெபசீலன் தயங்கினான். “வடிவு மதினி டீச்சர்தான் மாமா. தளவாயோட வீட்டுக்காரி. கொற்கையில வேலை. ஆனா அவங்க அப்படியெல்லாம்...”

“வண்டியை எடு, பிச்சையா.”

வெளியே உப்பளங்களுக்கு நடுவே ஓடுதளம் வெயிலில் கண்ணைப் பறித்தது. ஷெட் நிழலில் காவல்காரர் சுடலைமாடன் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் விளக்குகளை வரிசையாக வைத்துக் கரி துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாடண்ணே, கார்த்திகைக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கே?” என்றான் பிச்சையா.

“எனக்குத் திங்கக்கிழமைதோறும் கார்த்திகைதாம்லே. சேர்மன் வண்டி விடியுமுன்ன கிளம்புதுல்லா? இருபத்துநாலு விளக்கையும் ஏத்தி வச்சாத்தான் பாதை தெரியும். மத்த நாளு இதைத் தொடவே மாட்டேன்.”

“அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க, இவரு...”

“விளக்கு பார்க்கவும் நாம் வரவில்லை” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

கொற்கையில் பிசானப் பருவத்து நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டியவரை வயல்.

“பாண்டியன் காலத்துல கடல் இங்கன வரைக்கும் இருந்துச்சாம். முத்து எடுத்த துறையாம்” என்றான் பிச்சையா. “கடலே இடத்தை மாத்திக்கிட்டுப் போயிருக்கு. ஒரு புஸ்தகம் போகாதா?”

தளவாய் களத்தில் இருந்தான். இன்று அவனுக்கு லீவு. விமானி என்று சொன்னால் நம்ப முடியாது. தலையில் துண்டு, உடம்பெல்லாம் வைக்கோல் தூசி. நான் நேராகவே கேட்டேன்.

“ஜெபசீலனின் லாக் புக் காணவில்லை. அது கிடைக்காவிட்டால் ஜெட் உனக்கு. இதற்கு என்ன சொல்லுகிறாய்?”

அவன் துண்டை அவிழ்த்தான். “ஐயோ” என்றான். பயந்த ஐயோ இல்லை, எரிச்சலான ஐயோ. “கெடுத்தானே காரியத்தை! எனக்கு எதுக்குய்யா ஜெட்டு?”

“வேண்டாமா?”

“கணக்குப் போட்டுப் பாருங்க. ஜெட்டுக்குப் போனா, பம்பாயில இருந்து பெரிய பெரிய கேப்டனா வருவாங்க. அவங்களுக்கு வலப்பக்கம் ஆறு வருஷம் உட்காரணும், காப்பி வேணுமான்னு கேட்டுக்கிட்டு. இங்க ஜெபசீலன் போயிட்டா, பழைய வண்டிக்கு நான் ஒருத்தன்தான். ரெண்டு வருஷத்துல இடப்பக்கம். கேப்டன் தளவாய்! வீட்டுக்குப் பக்கத்துல வேலை, வயலையும் பாத்துக்கலாம். அவன் போகணும்னு எங்க குலசாமிக்கு நேந்துக்கிட்டு இருக்கேன் நானு.”

“இது வாக்குமூலம் இல்ல அண்ணாச்சி, நேர்ச்சைப் பொங்கல்” என்று பிச்சையா என் காதில் சொன்னான்.

“ஞாயிறு சவாரி வந்தாக்கூட அவனுக்காக நான்தானே போறேன்?” என்றான் தளவாய். “அதுக்குப் பதிலா திங்கக்கிழமை விடியக்காலச் சவாரி முழுக்க அவன் தலையில. மூணரை மணிக்கு எந்திரிக்கணும், எனக்கு ஆகாது. அதுலதான் அவனுக்கு மணிக்கணக்கு ஏறிப்போச்சு.”

அப்போது அவன் மனைவி அருணாசலவடிவு மோர்ச் செம்போடு களத்துக்கு வந்தாள். ரெஜிஸ்டரை அவளிடம் நீட்டினேன். “இது உங்கள் பள்ளிக்கூடத்துடையதா, அம்மா?”

அவள் ஒரு பக்கத்தைத்தான் புரட்டினாள், முகம் மலர்ந்துவிட்டது. “எங்க ஸ்கூல் இல்ல பெரியவரே. எங்க ஹெட்மாஸ்டர் நீல மையிலதான் கோடு போடுவார், அதுவும் அந்தந்த மாசம் பிறந்த பிறகு. வருஷம் பூராவும் முன்கூட்டியே, சிவப்பு மையில, அடியில கொக்கி வச்சு... இப்படிப் போடுதது ஒரே ஒருத்தவங்கதான். டிரெயினிங்ல எனக்கு வகுப்பு எடுத்தவங்க. ‘வடிவு, முதல்ல கர்த்தருடைய நாளைக் கட்டி வை. மத்த ஆறு நாளும் தானா வரிசையில நிக்கும்’னு சொல்லுவாங்க.”

“யார்?”

“உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தேவகனி டீச்சர்.”

ரெஜிஸ்டரை அவள் கையிலிருந்து வாங்கி மூடினேன். தேவகனி என் தங்கை. ஜெபசீலனின் தாய்.

ஏரல் பாலம் தாண்டும்வரை பிச்சையா ஹாரனை மட்டும்தான் அடித்தான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

“உனக்கு எப்போது தெரிந்தது?” என்றேன் கடைசியில்.

“நீங்க ‘வீட்டை விடு’ன்னு சொன்னீயள்லா, அப்ப. கஸ்டம்ஸ்ல நீங்கதானே சொல்லிக் குடுத்தீய: ‘இந்தப் பெட்டியை விடுங்க’ன்னு எவன் சொல்லுதானோ, அவன் பெட்டியை முதல்ல திற.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாசரேத்தில் தங்கை வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, நிமிர்ந்த முதுகு. எங்கள் குடும்பத்து முதுகு. என் கையிலிருந்த ரெஜிஸ்டரைப் பார்த்தாள். உள்ளே போய் பீரோவைத் திறந்து, தன் கல்யாணப் பட்டுக்கு அடியிலிருந்து லாக் புக்கை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

“பெற்ற பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கிறாயே, தேவகனி!”

“கெடுக்கல அண்ணே. காப்பாத்துதேன்.”

“யாரிடமிருந்து?”

“உங்ககிட்ட இருந்து.”

பிச்சையா வாசல்படியிலேயே நின்றுவிட்டான்.

“நேத்து சாப்பாட்டுல சொன்னீய, முதல் பக்கத்துல இருந்து படிப்பேன்னு” என்றாள் அவள். “அதுக்கு முந்தி நான் ஒருதரம் பாத்துருவோம்னு நீங்க தூங்கும்போது எடுத்தேன். காலண்டரை வச்சுக்கிட்டுப் பாத்தேன். இந்த வருஷத்துல மட்டும் ஒன்பது ஞாயித்துக்கிழமை பறந்திருக்கான். அதுல ரெண்டு லெந்து நாள்ல, உபவாச காலம்னுகூடப் பாக்காம. போன வாரம் பாருங்க, மார்ச் பத்து. என் பக்கத்துல உட்கார்ந்து பாட்டுப் பாடிட்டு, பஸ் ஏறிப் போய், ராத்திரி பதினொண்ணு நாப்பதுக்குப் பறந்திருக்கான். அவன் கையெழுத்துத்தான்.”

பார்த்தேன். தேதி மார்ச் 10. கிளம்பிய நேரம் 23.40. ஒன்பது இடத்திலும் ஞாயிறு. எங்கள் குடும்பத்தில் பொய் சொன்னவன் ஒருவன் பிறந்துவிட்டான் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடினேன்.

“அவனிடம் கேட்டாயா?”

“கேட்டா ஆமான்னு சொல்லிருவானே! அப்புறம் நான் என்ன செய்வேன்? இங்கிலாந்து இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம் கிடைக்கும். உங்க வாசலை ஒருதரம் அடைச்சா அடைச்சதுதான். உங்களை எனக்குத் தெரியாதா?”

வாசல்படியிலிருந்து பிச்சையாவின் குரல் வந்தது.

“டீச்சரம்மா, குறுக்க பேசுததுக்கு மன்னிக்கணும். ராத்திரி பதினொண்ணு நாப்பதுன்னா இருட்டுல்லா? விளக்கு யாரு ஏத்துனா?”

“என்ன விளக்கு?” என்றாள் தேவகனி.

ஆனால் எனக்குள் அந்த விளக்கு அப்போதே எரிந்துவிட்டது. இருபத்துநாலு விளக்கு. திங்கட்கிழமை விடியுமுன் மட்டும். மற்ற நாள் தொடவே மாட்டேன் என்று சுடலைமாடன் சொன்னார். ஞாயிறு இரவு விளக்கில்லாமல் அந்த ஓடுதளத்திலிருந்து ஒரு கொக்குகூடக் கிளம்ப முடியாது. அப்படியானால் எழுதிய நேரம் பொய். எதற்காக ஒருவன் பொய் சொல்லித் தன் மேலேயே குற்றம் போட்டுக்கொள்ள வேண்டும்?

“பிச்சையா! அந்த இரண்டு கடிகாரமும் என்ன காட்டின?”

“ஒண்ணு, மணி ஒண்ணு அஞ்சு. இன்னொண்ணு ஏழு முப்பத்தஞ்சு.”

ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். எத்தனை கப்பல்களில் ஏறியிருக்கிறேன்! ரேடியோ அறையின் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் லண்டன் பக்கத்துக் கிரீன்விச் நேரம். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் ஒரே நேரம். விமானிகளும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேப்டன் சொல்ல வாயெடுத்தார். நான்தான் கையை உயர்த்தினேன்.

“தேவகனி, பதினொன்று நாற்பதோடு ஐந்தரையைக் கூட்டு.”

கணக்கு டீச்சர், உதடு அசைந்தது. “அஞ்சு பத்து.”

“காலை ஐந்து பத்து. எந்தக் கிழமை?”

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“லண்டன் பக்கத்தில் ஞாயிறு முடிய இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது, தூத்துக்குடியில் திங்கட்கிழமை விடியப் போகிறது. உன் பிள்ளை நம் ஊர்த் திங்கட்கிழமையில் பறந்தான். அவர்கள் கடிகாரத்தின்படி எழுதினான். ஒன்பது தடவையும் சேர்மனின் மதராஸ் சவாரிதான். ஞாயிறு சவாரி வந்தால் அவனுக்காகப் போனது தளவாய்.”

“அப்ப அவன் சொல்லைக் காப்பாத்திட்டான்” என்றாள். சேலைத் தலைப்பை எடுத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, லாக் புக்கின் அட்டையைத் துடைத்தாள். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான்.”

“நீ மட்டுமா?” என்றேன்.

“அண்ணாச்சி” என்றான் பிச்சையா, “மணி மூணு அம்பது. நம்ம ஊர் மணி.”

திரும்பிப் போன வழியில் அந்த அம்பாசிடர் ஓடியதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஏரலில் ஒரு வாத்துக் கூட்டம் எங்களை இன்னும் மறந்திருக்காது.

கேப்டன் மேஜையில் புத்தகத்தை வைத்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. அவர் புரட்டிப் பார்த்தார், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், பிறகு நிமிர்ந்தார்.

“எடுத்தது யார், சார்? எனக்குத் தெரிய வேண்டும். நாளைக்கு இன்னொரு புத்தகம் காணாமல் போகக் கூடாது.”

ஜெபசீலன் என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. என் தங்கையின் பெயரை அந்த அறையில் சொல்ல முடியாது. பொய்யும் சொல்ல முடியாது.

“எங்கள் வீட்டில்தான் இருந்தது” என்றேன். “எடுத்த கையைத் தேட வேண்டாம், கேப்டன். எடுக்க வைத்த வாய் என்னுடையது. அது இனிமேல் நடக்காது.”

கேப்டன் பழைய ராணுவக்காரர். மேலே கேட்கவில்லை. புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, கயிற்றைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார்.

“கட்டுவதற்கு முன்னால் ஒன்று. ஜெட் சேர்மனின் சொந்த வண்டி மாதிரி. நினைத்தால் கிளம்பும். ஞாயிறு என்று பார்க்காது. அங்கே மாற்றி உட்காரத் தளவாயும் இருக்க மாட்டான். அப்போது என்ன செய்வீர்கள்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் என்னிடம் தயாராக இருந்தது; முப்பது வருடமாகத் தயாராக இருக்கிற பதில். சுவரில் ஒரு கடிகாரம் நாலு ஐம்பத்தாறு காட்டியது. மற்றது பதினொன்று இருபத்தாறு காட்டியது.

“ஜெபசீலா” என்றேன், “பறக்கப் போகிறவன் நீ. நீ என்ன நினைக்கிறாய்?”

பிச்சையாவின் கையிலிருந்த கார்ச் சாவி தரையில் விழுந்தது.

ஜெபசீலன் இரண்டு கடிகாரங்களையும் ஒருமுறை பார்த்தான். “முடிஞ்ச ஞாயிறெல்லாம் ஆலயத்துலதான் இருப்பேன் மாமா” என்றான் பிறகு. “முடியாத அன்னைக்கு, போறதுக்கு முந்தி அம்மாகிட்டயும் உங்ககிட்டயும் சொல்லிட்டுப் போவேன். சொல்லாமப் போக மாட்டேன்.”

கேப்டன் கயிற்றோடு காத்திருந்தார்.

“வாசல் திறந்திருக்கும்” என்றேன்.

“அதையும் எழுதி வாங்கிக்கோங்க தம்பி” என்றான் பிச்சையா, சாவியைப் பொறுக்கிக்கொண்டே. “எந்தக் கடிகாரத்துப்படி திறந்திருக்கும்னு.”

கேப்டன் முடிச்சை இறுக்கினார்.